வேலையில்லாதோர் கணக்கில் வராத நான்: இண்டியானா கொலம்பஸில் கற்றது

கொலம்பஸ் என்று சொன்னாலே எல்லோரும் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸைத்தான் நினைக்கிறார்கள். என் சித்தி மகன் ஒருமுறை எங்களைப் பார்க்க நியூஜெர்சியிலிருந்து டிக்கெட் போட்டு, அந்தக் கொலம்பஸில் போய் இறங்கி, "அக்கா, வெளியே வந்துட்டேன், மாமாவை வரச் சொல்லுங்க" என்று போன் செய்தான். அவன் பெட்டியோடு நின்ற இடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். அது கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பேர் வசிக்கும் மாநிலத் தலைநகர். நாங்கள் இருக்கும் கொலம்பஸ் இண்டியானாவில், இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே ஐ-65 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத்தில் வரும் ஐம்பதாயிரம் பேர் ஊர். அவனைச் சிரித்துக் கேலி செய்தேனே தவிர, 2013-இல் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வாடகைக்கு வீடு தேடியபோது முதல் இரண்டு நாள் நானும் ஒகையோ வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் பீளமேடு பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு டீசல் இன்ஜின் வடிவமைப்பில் வேலை. ஒரு ஒப்பந்த நிறுவனம் மூலம் கொலம்பஸுக்குப் போகச் சொன்னார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி எண்களைப் பார்ப்பது. அந்த ஊரின் மக்கள்தொகை, பொருளாதார விவரம் எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. 2000-இல் 39,059 பேர், 2010-இல் 44,061 பேர். ஆக, வளர்கிற ஊர். ஆசியர்கள் ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த மாநிலத்தில் இந்த அளவு சின்ன ஊருக்கு அது அதிகம். பட்டதாரிகள் நிறைய, வேலையின்மை குறைவு, ஊரில் நிறையப் பேர் ஏதோ ஒரு தொழிற்சாலையை நம்பி இருக்கிறார்கள். "நம்ம ஊர் மாதிரியேதானுங்க, பம்ப்செட்டுக்குப் பதிலா இன்ஜின்" என்று கணவரிடம் சொன்னேன். புள்ளியியல் படித்தவள் சொன்னதால் அவரும் நம்பிவிட்டார்.

எண்கள் எதுவும் பொய் இல்லை. நான்தான் யாருடைய எண் என்று கேட்காமல் படித்தேன்.

முதலில் அடி வாங்கியது வாடகையில். இடைநிலை வாடகை (எல்லா வாடகையையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) என்று பட்டியலில் போட்டிருந்த தொகையை வைத்து மாதச் செலவுக் கணக்குப் போட்டு, சட்டமாக எக்செல்லில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். நேரில் அபார்ட்மெண்ட் ஆபீஸில் கேட்டால் இரு படுக்கையறைக்கு அதைவிட 200 டாலருக்கு மேல் சொன்னார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம், அங்கேயும் அதேதான். பிற்பாடு புரிந்தது. அந்த இடைநிலை, ஊரில் இருக்கும் எல்லா வாடகைதாரர்களிடமும் கேட்டு எடுத்தது. பத்து வருடமாக ஒரே வீட்டில் பழைய வாடகையில் இருக்கும் பாட்டி, அரசு உதவியோடு வாடகை கட்டுகிறவர் எல்லோரும் அதில் உண்டு. புதிதாக வருகிறவனுக்குச் சொல்லும் விலை அதில் தனியாகத் தெரியாது. அது மட்டும் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தலைக்கணக்கில் வருமானமும் வாடகையும் இப்போது கேட்பதே இல்லை. 2010-இலிருந்து அவையெல்லாம் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற தொடர் கணக்கெடுப்பில் மட்டும்தான். அதில் 65,000 பேருக்குக் குறைவான ஊருக்கு வழக்கமான ஒரு வருட மதிப்பீடு வெளியிட மாட்டார்கள், பெரும்பாலும் ஐந்து வருடத்தைச் சேர்த்துத்தான் தருவார்கள். நான் 2013-இல் பார்த்தது 2007 முதல் 2011 வரையிலான ஐந்து வருடம். அதற்குள் 2008 சரிவும் இருக்கிறது, அதற்கு முந்தைய நல்ல காலமும் இருக்கிறது, மீண்டு வந்த வருடமும் இருக்கிறது. மழையும் வெயிலும் கலந்து சராசரி போட்டால் மேகமூட்டம் என்று வருமே, அந்தக் கதை.

சின்ன ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலின் மேல் மூலையில் எந்த ஐந்து வருடம் என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே கூட்டல்-கழித்தல் குறியோடு பிழை வரம்பு ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். ஊர் சிறிதாகச் சிறிதாக அந்த வரம்பு பெரிதாகும். ஐயாயிரம் பேர் ஊரில் 'ஆசியரின் இடைநிலை வருமானம்' என்று ஒரு எண்ணைப் பார்த்தால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள். வாடகைக்கு இன்று என்ன விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சரி.

வாடகையாவது பணத்தோடு போயிற்று. என்னை உட்கார வைத்தது வேறு எண்.

நான் வந்தது எச்-4 விசாவில், அதாவது கணவரைச் சார்ந்து வந்த மனைவி. வேலை பார்க்க அனுமதி இல்லை. இது எனக்குத் தெரிந்தேதான் வந்தேன், இரண்டு வருடம் ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன். காலை ஏழரைக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஊரில் பேருந்து இருந்தது, அப்போது கட்டணம் கால் டாலர், மலிவுதான், ஆனால் சாயங்காலத்தோடு நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை ஓடவே ஓடாது. வழித்தடமும் நமக்கு வேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். கார் இல்லாத குடும்பங்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி அந்தப் பட்டியலிலேயே இருந்தது, அது குறைவாக இருப்பதைப் பார்த்து வசதியான ஊர் என்று அர்த்தம் செய்துகொண்டேன். கார் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

அபார்ட்மெண்டில் பதினொரு மணிக்கு மேல் வெளியே வந்தால் தள்ளுவண்டியோடு நடக்கும் பெண்கள் தெரிவார்கள். புனே, நாக்பூர், குண்டூர், ஈரோடு. மராத்திப் பெண்கள் அதிகம். இந்த ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் கம்மின்ஸ் நிறுவனத்துக்கு 1960-களிலிருந்தே புனேயில் தொழிற்சாலை உண்டு, அந்தப் பாதையில் வந்தவர்கள். ஒரு நாள் நீச்சல்குளத்து ஓரம் எட்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு பல் மருத்துவர், இரண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், ஒரு வங்கி அதிகாரி, மூன்று பொறியாளர்கள், நான். எட்டில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. அன்று ராத்திரி ஊரின் வேலையின்மை விகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், குறைவாகவே இருந்தது. இருக்காமல் என்ன செய்யும்? வேலை இல்லாமல், கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடி, கிடைத்தால் சேரத் தயாராக இருப்பவரைத்தான் வேலையில்லாதவர் என்று எண்ணுவார்கள். எங்களுக்கு வேலையில் சேர அனுமதியே இல்லை, அதனால் தேடுவதும் இல்லை. அதனால் நாங்கள் 'தொழிலாளர் படையில் இல்லாதவர்கள்'. இதை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன், பத்து மதிப்பெண் கேள்வி. எனக்கே நடக்கும்போதுதான் உறைத்தது.

இன்னும் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் எட்டு பேரும் அந்தப் பட்டியலில் வேறு இடங்களில் இருந்தோம். 25 வயதுக்கு மேல் பட்டம் பெற்றவர்கள் என்ற கட்டத்தில் ஊரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். தனிநபர் வருமானம் போடும்போது வகுக்கும் எண்ணில் ஒரு தலையாக நின்று அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தோம். வேலையின்மையில் மட்டும் ஆளைக் காணோம். மனைவியோடு வருகிற எந்தப் பையன் கேட்டாலும் இப்போது நான் சொல்வது, வேலையின்மை விகிதத்தை விடு, 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எத்தனை சதவீதம் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்று அதே பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் பார், அப்புறம் எந்தெந்தத் துறையில் வேலை இருக்கிறது என்று பார். தொழிற்சாலை ஊரில் பொறியாளருக்கு வேலை இருக்கும். தமிழ் இலக்கியம் படித்த மனைவிக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தாலும் அங்கே வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த எண்கள் அந்தரத்தில் நிற்கும். 1919-இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற மெக்கானிக், தான் கார் ஓட்டிக்கொண்டிருந்த வங்கிக்காரக் குடும்பத்தின் பணத்தில் டீசல் இன்ஜின் கம்பெனி ஆரம்பித்தார். கார் டிரைவரை நம்பி முதல் போட்ட முதலாளியைப் பாராட்டத்தான் வேண்டும், லாபம் வரவே பல வருடம் ஆயிற்றாம். அந்தக் குடும்பத்தில் அடுத்துவந்த ஜே. இர்வின் மில்லர் காலத்தில், ஊரில் பொதுக் கட்டடம் கட்டினால் நல்ல கட்டடக் கலைஞரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் கட்டணத்தை எங்கள் அறக்கட்டளை தரும் என்று சொன்னார்கள். 1957-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. இந்தச் சின்ன ஊரில் நூலகம் ஐ. எம். பெய் வடிவமைத்தது, வாசலில் ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு, ஈரோ சாரினென் கட்டிய வங்கி, தேவாலயம், ராபர்ட் வென்டூரியின் தீயணைப்பு நிலையம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி தீயணைப்பு நிலையத்தைப் போட்டோ எடுப்பதை முதலில் பார்த்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இந்தக் கட்டடங்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, ஆனால் நான் அந்த மூன்று வருடம் மனம் உடையாமல் இருந்ததற்கு அந்த நூலகம்தான் காரணம். கால் டாலர் பேருந்தில் போய்விடுவேன்.

2015 மே மாதம் விதி மாறியது. கணவருக்காகப் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால் எச்-4 மனைவியும் வேலைக்கு அனுமதி கேட்கலாம். எங்களுக்கு அது 2016 கடைசியில் அமைந்தது. அதே நேரம் வீட்டுக்கு ஒரு கனத்த உறை வந்தது, மேலே 'சட்டப்படி உங்கள் பதில் கட்டாயம்' என்று எழுதியிருந்தது. கணவர் அது ஏமாற்றுக் கடிதம் என்று குப்பையில் போடப் போனார். வாங்கிப் பார்த்தால், நான் மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த அதே கம்யூனிட்டி சர்வே. வருடத்துக்கு நாடு முழுக்க சுமார் 35 லட்சம் முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து அனுப்புகிறார்கள், அதில் எங்கள் முறை. சமையல் மேசையில் வைத்து இரண்டு பேரும் நிரப்பினோம். வீட்டைச் சூடாக்க என்ன எரிபொருள், எத்தனை கார், வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், போய்ச்சேர எவ்வளவு நேரம். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் அவர் 'இந்தியன்' என்று எழுதப் போனார், கையைப் பிடித்துத் தமிழ் என்று எழுத வைத்தேன். கடந்த வாரம் வேலை பார்த்தீர்களா? இல்லை. தேடினீர்களா? இல்லை. அந்த இரண்டு கட்டத்தில் குறி போடும்போது பேனா கொஞ்சம் அழுந்தியது.

மொழி விஷயத்தில் ஒரு கிளைக்கதை. சின்ன ஊர்களுக்கான சுருக்கப் பட்டியலில் தமிழ் தனியாக வராது. மராத்தியும் இந்தியும் 'மற்ற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்' என்ற கட்டத்தில் இத்தாலியனோடு உட்காரும். தமிழும் தெலுங்கும் 'மற்ற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற கட்டத்தில் ஜப்பானியத்தோடு. ஆகவே பக்கத்து வீட்டு மராத்தித் தோழியும் நானும் வேறு வேறு கண்டம். இந்த ஊரில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இருக்கின்றன, டொயோட்டாவின் ஃபோர்க்லிஃப்ட் தொழிற்சாலை 1990-லிருந்து இங்கேதான். அந்த மொழிக் கட்டம் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்துத் தமிழர் நிறைய என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். இனம் என்ற கேள்வியிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1920 முதல் 1940 வரை நம்மை 'ஹிந்து' என்று ஓர் இனமாகவே எழுதினார்கள், 1970-இல் வெள்ளையர் என்று எண்ணினார்கள், 1980-இல்தான் 'ஏசியன் இந்தியன்' என்று தனிக் கட்டம் வந்தது. பழைய வருடத்தையும் புதிய வருடத்தையும் ஒப்பிட்டு இந்தியர் இத்தனை மடங்கு பெருகிவிட்டனர் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்ததும் ஒரு சமூக சேவை அமைப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் 'ஊரின் நிலை' என்று இரண்டு பக்கம் இணைக்க வேண்டும், அதை எழுதுவதுதான் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உணவுப் பொருள் வழங்கும் இடத்திலும் நிற்பேன். அங்கேதான் அடுத்த பாடம். வரிசையில் நிற்பவர்கள் பாதிப்பேர் கம்பெனிச் சட்டையில் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து நேராக வருகிறவர்கள். வறுமைக் கோட்டின் கீழ் இத்தனை சதவீதம் என்று நான் விண்ணப்பத்தில் எழுதுவேன், இவர்களில் பெரும்பாலோர் அதில் வரமாட்டார்கள். அமெரிக்காவில் கணக்கெடுப்பு வைத்திருக்கும் வறுமை வரம்பு நாடு முழுக்க ஒன்றுதான், நியூயார்க்குக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே எண். அதற்கு ஒரு டாலர் மேலே போய்விட்டால் ஏழை இல்லை. குழந்தைக் காப்பகம், கார், வாடகை எல்லாம் கட்ட முடியாமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களை எண்ணுவதற்கு யுனைட்டட் வே அமைப்பினர் 'ஆலிஸ்' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாகக் கிடைக்கும். ஊரைப் பார்க்கும்போது வறுமை விகிதத்தோடு அதையும் பாருங்கள். இண்டியானாவில் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர்தான், நகரவே இல்லை. தொழிற்சாலை அதைவிட நிறையக் கொடுக்கிறது. எல்லோருக்கும் தொழிற்சாலையில் இடம் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஏமாறலாம். எங்களுக்கு மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் புளூமிங்டன் இருக்கிறது, இண்டியானா பல்கலைக்கழகம் உள்ள ஊர். வறுமை விகிதத்தைப் பார்த்தால் கொலம்பஸைவிடப் பரம ஏழை ஊர் போலத் தெரியும். விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு வருமானம் இல்லை, அவர்கள் எல்லோரும் ஏழைகள் கணக்கில் விழுகிறார்கள். சிறைச்சாலை உள்ள சின்ன ஊர்களில் கைதிகளையும் அந்த ஊர்வாசிகளாக எண்ணுவார்கள், ஆண்-பெண் விகிதமே கோணலாகிவிடும். கல்லூரி, சிறை, ராணுவ முகாம் மூன்றும் உண்டா என்று பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

ஊர்க் கணக்கில் வராமலே ஊரை நடத்துகிறவர்கள் இன்னொரு கூட்டம். நம் ஊரில் டிஎன் 37, டிஎன் 38, டிஎன் 66 என்றால் கோவை வண்டி என்று தெரியும் இல்லையா, இண்டியானா நம்பர் பிளேட்டிலும் மூலையில் பொடியாகக் கவுண்டி எண் ஒன்று இருக்கிறது. அகர வரிசைப்படி கொடுத்தது, எங்கள் பார்த்தாலமியூ கவுண்டிக்கு 3. ஒரு நாள் கணவரை அழைத்துவரப் போய், அவர் வரத் தாமதமாகி, ஒரு தொழிற்சாலை வாகன நிறுத்துமிடத்தில் வேலை இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன் (அதற்குள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ்). ஒரு வரிசையில் முப்பது வண்டி. எங்கள் எண் பதினாறோ பதினேழோதான். மற்றதெல்லாம் 40, ஜென்னிங்ஸ் கவுண்டி, 36, ஜாக்சன் கவுண்டி, 16, டெகேட்டர். அவர்கள் இங்கே வேலை பார்த்துவிட்டு, வீடு மலிவாகக் கிடைக்கும் கவுண்டிக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய குறைந்த சம்பளம் எங்கள் ஊர்ப் பட்டியலைத் தொடாது. எங்கள் ஊர் இடைநிலை வருமானம் அழகாக இருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஊரின் பட்டியலோடு சுற்றியுள்ள கவுண்டிகளின் பட்டியலையும் திறந்து வைத்துப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அங்கே வீடு எடுக்கலாமா என்றும் அதில் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: இண்டியானாவில் மாநில வருமான வரி போகக் கவுண்டி வரி என்று தனியாக உண்டு, ஜனவரி 1 அன்று நீங்கள் எந்தக் கவுண்டியில் குடியிருந்தீர்களோ அந்தக் கவுண்டியின் விகிதம்தான் அந்த வருடம் முழுவதற்கும். பிப்ரவரியில் மாறிவிட்டோமே என்றால் செல்லாது.

2018-இல் வீடு வாங்கினோம். பார்த்த முதல் வீடு ஹா கிரீக் ஓடைக்குப் பக்கத்தில், பின்பக்கம் பச்சைப் பசேலென்று இருந்தது, விலையும் குறைவு. எனக்கு ஒரே ஆசை. எங்கள் பழைய அண்டை வீட்டுப் பெரியவர், இன்ஜின் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து டீசல் தொழிலாளர் சங்க ஓய்வூதியம் வாங்குகிறவர், "போய் கராஜ் சுவரைப் பார்த்தாயா?" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தோம். பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் தண்ணீர் ஹீட்டருக்குப் பின்னால் அடிக்காமல் விட்ட ஒரு முழ அகலத்தில் என் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. 2008 ஜூன் வெள்ளம். அந்த வெள்ளத்தில் ஊர் மருத்துவமனையின் அடித்தளமே மூழ்கி, நோயாளிகளை எல்லாம் வெளியேற்றி, மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். மக்கள்தொகைப் பக்கத்தில் வீடு கட்டிய வருடம் இருக்கும், அறைகளின் எண்ணிக்கை இருக்கும், தண்ணீர் எங்கே வரும் என்று இருக்காது. அதற்கு ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்க வேண்டும், காசு கிடையாது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குத் தராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் மேட்டில் ஒரு வீடு. சொத்துவரி விஷயத்தில் நானே ஒரு கோட்டை விட்டேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் வரி போகக்கூடாது என்று இண்டியானா அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, வாடகைக்கு விடும் வீட்டுக்கு அது 2 சதவீதம். ஆனால் நான் குடியிருக்கிறேன் என்று ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் போட வேண்டும். பத்திரம் முடிந்த அன்று கையெழுத்துப் போட்ட அறுபது காகிதத்தில் அதுவும் இருந்தது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இல்லை. வந்த ரசீதைப் பார்த்ததும் கணவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

வீடு வாங்குவதற்கு முன் அந்தப் பெரியவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். "ஒரே கம்பெனி ஊரில் வீடு வாங்குகிறாய். கம்பெனி தும்மினால் எல்லோரும் ஒரே வாரத்தில் வீட்டை விற்க வருவார்கள், அப்போது வாங்குகிறவன் யார்?" நான் எல்கார்ட் நகர எண்களை எடுத்துப் பார்த்தேன். அது மாநிலத்தின் வடக்கே, வீட்டு வண்டிகள், அதாவது ஆர்வி தயாரிக்கும் ஊர். 2009 வசந்தத்தில் அந்த வட்டாரத்தில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது, நாட்டிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்று. சில வருடம் கழித்துப் பார்த்தால் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். ஐந்து வருடச் சராசரியில் இந்த இரண்டும் சமாதானமாகிவிடும். அதனால் மாதாந்தர வேலையின்மை எண்ணை 2009-க்கும் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மோசமான மாதத்தில் எவ்வளவு மோசம் என்பதுதான் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டிய எண், ஏனென்றால் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும், அதே ஊரில் அதே துறையில் அப்போது ஒருவரும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

நாங்கள் வங்கி தரச் சம்மதித்த கடனில் முக்கால்தான் வாங்கினோம், ஆறு மாதத் தவணையைத் தொடாமல் வைத்தோம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வேலையின்மை 14.7 சதவீதத்துக்குப் போனது, இண்டியானாவில் அதையும் தாண்டியது. கணவரை அனுப்பிய ஒப்பந்த நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தது, குழுவில் நான்கு பேரை அனுப்பியது. நீச்சல்குள எட்டுப் பேரில் மூன்று குடும்பம் அந்த வருடம் ஊரை விட்டுப் போனது. எங்களுக்கு அந்த ஆறு மாதத் தவணையில் நான்கு மாதம் கரைந்தது, அதோடு தப்பினோம். என் பகுதிநேரச் சம்பளம் அன்று மளிகைக்கு ஆயிற்று.

அந்த வருடம்தான் பத்தாண்டுத் தலைக்கணக்கும் வந்தது. 50,474 என்று ஊருக்கு எண் வந்தது. பத்து வருடத்தில் 6,413 பேர் கூடியிருக்கிறார்கள், ஆசியர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏன் கண்ணு, அம்பதாயிரம் பேருன்னா நம்ம பல்லடம் அளவு கூட இருக்காதாட்ட இருக்குதே" என்றார். அவர் கணக்கு அவருக்கு.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி, யாரோ நண்பர் மூலம் நம்பர் வாங்கி அழைத்தான். இதே வேலை, இதே ஊர். நான் படித்த அதே பக்கத்தை அவனும் படித்திருந்தான், வேலையின்மை ரொம்பக் குறைவு என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். வாடகை எவ்வளவு வைத்திருக்கிறான் என்று கேட்டேன், சொன்னான். அதோடு 300 சேர்த்துக்கொள் என்றேன். அப்புறம், "ஊட்டுக்காரம்மா என்ன படிச்சிருக்காங்க தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பார்மசி என்றான்.

"கார் ஓட்டுவாங்களா?"

"இல்லீங்கக்கா."

"போனை அவங்ககிட்டக் குடு."